மதர்ஜேனின் ‘மக்தூப்’: ஹார்ட் ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தை எந்தக் காதால் கேட்பது?

ஒரு ராக் பேண்டின் முதல் ஆல்பம் வந்ததும் கேட்பவர்கள் மனதில் எழும் கேள்வி, “யாருப்பா இவங்க?” இரண்டாவது ஆல்பம் வந்ததும் கேள்வி மாறிவிடும். “ஏன் இப்படி மாறிட்டாங்க?” என்று ஒரு கூட்டம் கேட்கும். “ஏன் கொஞ்சம்கூட மாறல?” என்று இன்னொரு கூட்டம் கேட்கும். இரண்டு கூட்டமும் அதே எட்டு, பத்துப் பாட்டுகளைத்தான் கேட்டிருக்கும்.

கேரளத்தில் இந்த விவாதத்துக்கு நல்ல உதாரணம், கொச்சியின் மதர்ஜேன் பேண்ட் 2008-ல் வெளியிட்ட ‘மக்தூப்’. அது அவர்களுடைய இரண்டாவது ஆல்பம். ஆங்கில வரிகள், கனமான ஹார்ட் ராக் டிரம்ஸ், அதற்கு நடுவே கமகத்தோடு பாடுவது போல வளைந்து நெளியும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். இந்திய ராக் இசை பற்றிப் பேச்சு வரும்போது இந்தப் பெயர் வராமல் போவது அபூர்வம். பிடித்தவர்களுக்கு ரொம்பவே பிடிக்கும். பிடிக்காதவர்கள் சொல்லும் காரணங்களையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

இதை யோசிக்க வசதியான ஓர் இடம், கொச்சிக்குத் தெற்கே வெகுதூரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் பாறசாலை, அதற்கு அடுத்த நெய்யாற்றின்கரை. அங்கே போய் ஏன் நிற்க வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அடிப்படைக் கேள்விகள்.

மதர்ஜேன் யார்?

1996-ல் கொச்சியில் தொடங்கப்பட்ட பேண்ட். ‘மக்தூப்’ உருவான காலத்தில் பாடியவர் சுராஜ் மணி. முன்னணி கிட்டார் பைஜு தர்மஜன், இன்னொரு கிட்டார் தீபு சசிதரன், பேஸ் கிளைட் ரொசாரியோ, டிரம்ஸ் ஜான் தாமஸ்.

முதல் ஆல்பமான ‘இன்சேன் பயாகிரஃபி’ 2000-களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டாவதற்கு ரசிகர்கள் ஏறக்குறைய ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ‘மக்தூப்’ என்பது அரபுச் சொல். ‘எழுதப்பட்டது’ என்று அர்த்தம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், தலையெழுத்து. பாவ்லோ கொயலோவின் ‘தி ஆல்கெமிஸ்ட்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம்.

அந்தக் காலகட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இந்தியக் கல்லூரி விழாக்களில் ராக் பேண்ட் மேடை ஏறினால், கூட்டம் கேட்டது பெரும்பாலும் வெளிநாட்டு பேண்டுகளின் பாட்டைத்தான். அயர்ன் மெய்டனையும் மெட்டாலிகாவையும் அச்சு அசலாக வாசித்தால் கைதட்டல் கிடைக்கும். சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் டீ குடிக்கக் கிளம்பும். இந்தச் சூழலில் சொந்தப் பாட்டு மட்டுமே கொண்ட ஒரு ஆல்பம் போடுவதே பெரிய வேலை. இரண்டாவது ஆல்பம் வரை தாக்குப்பிடிப்பது அதைவிடப் பெரிய வேலை.

இரண்டாவது ஆல்பம் என்றால் ஏன் இவ்வளவு பேச்சு?

காரணம் எளிமையானது. முதல் ஆல்பத்தில் இருக்கும் பாட்டுகள் பல வருஷமாக மேடையில் வாசித்து, திருத்தி, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பழுத்தவை. இரண்டாவதுக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எதிர்பார்ப்பு கூடியிருக்கும், கையிருப்பில் இருந்த பாட்டுகள் தீர்ந்திருக்கும்.

ஹார்ட் ராக் வரலாற்றில் இது பல விதமாக நடந்திருக்கிறது. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பமும் இரண்டாவது ஆல்பமான ‘பாரனாய்டு’ம் ஒரே வருஷத்தில், 1970-ல் வந்தன. இன்றைக்கு ஹெவி மெட்டலின் அடிக்கல்லாகச் சொல்லப்படுவது அந்த இரண்டாவதுதான். ‘லெட் ஸெப்பலின் 2’ ஆல்பத்தை 1969-ல் சுற்றுப்பயணத்துக்கு நடுநடுவே வெவ்வேறு ஸ்டூடியோக்களில் பதிவு செய்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர் அதைக் கிண்டல் செய்து எழுதினார். கேட்பவர்களோ அதை அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1984-ல் மெட்டாலிகா தன் இரண்டாவது ஆல்பமான ‘ரைட் தி லைட்னிங்’கில் ‘ஃபேட் டு பிளாக்’ என்ற பாட்டை மென்மையான அகூஸ்டிக் கிட்டாரில் தொடங்கியது. வேகத்துக்காகவே அந்த பேண்டைக் கேட்ட சிலருக்கு அது துரோகமாகத் தெரிந்தது. இன்று அந்த பேண்டின் மிகவும் விரும்பப்படும் பாட்டுகளில் அதுவும் ஒன்று.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. பின்னாளில் இண்டஸ் கிரீட் என்று பெயர் மாற்றிக்கொண்ட மும்பையின் ராக் மெஷின் பேண்ட், 1990-ல் வெளியிட்ட தன் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘தி செகண்ட் கமிங்’ என்றே பெயர் வைத்தது. இரண்டாம் வருகை! எதிர்பார்ப்பு எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆக, இரண்டாவது ஆல்பம் வரும்போது கேட்பவரிடம் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருக்கிறது. முதல் ஆல்பமே அந்த அளவுகோல். அதற்கு முன் அது கிடையாது.

‘மக்தூப்’ விஷயத்தில் கருத்துகள் எங்கே பிரிகின்றன?

இந்த ஆல்பத்தைப் பற்றி எழக்கூடிய கருத்துகளை நான்கு கேள்விகளாகச் சுருக்கலாம்.

ஒன்று: கர்நாடக சங்கீதச் சாயல் இந்தப் பாட்டுகளின் எலும்பா, மேலே பூசிய வர்ணமா?

இரண்டு: கொச்சி பேண்ட் ஏன் ஆங்கிலத்தில் பாட வேண்டும்? அதுவும் விதி, தேடல், விழிப்பு என்று தத்துவமாக ஏன்?

மூன்று: மேடையில் கேட்ட அந்த இடி, ஒலிப்பதிவில் இருக்கிறதா?

நான்கு: முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம் எங்கே போச்சு?

இதில் நான்காவது, எந்த பேண்டுக்கும் வருகிற கேள்வி. மூன்றாவது தொழில்நுட்பம் சார்ந்தது. முதல் இரண்டும்தான் இந்த ஆல்பத்துக்கே உரியவை. அதிலும் முதல் கேள்விக்கு, கிட்டார் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

கிட்டாரில் கமகம் எப்படி வரும்?

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு நிலையான ஸ்வரத்தைக் கொடுக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் படி ஏறுவது போலத்தான் போக முடியும். கர்நாடக சங்கீதத்தில் ராகத்தின் உயிர், படிகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு ஸ்வரம் அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அதுதான் கமகம்.

“வீணையிலும் மெட்டு இருக்கே?” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வீணையில் வாசிப்பவர் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை உயர்த்துகிறார். ராக் கிட்டாரிஸ்டுகள் ‘பெண்டிங்’ என்று சொல்வதும் இதே வேலைதான். ப்ளூஸ் இசையிலிருந்து அது ராக்குக்கு வந்தது. ஆகவே கமகத்துக்கான கதவு கிட்டாரில் ஏற்கெனவே பாதி திறந்துதான் இருந்தது.

இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரண கிட்டாரில் தந்தியை மீட்டினால் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். நீளமான கமகத்தை முடிப்பதற்குள் ஸ்வரம் செத்துப்போகும். இங்கேதான் ஹார்ட் ராக்கின் ‘டிஸ்டார்ஷன்’ கைகொடுக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அதன் அளவுக்கு மேல் தள்ளும்போது ஒலி கரகரப்பாகும். கூடவே, தேய்ந்துபோக வேண்டிய ஒலி அதே கனத்தில் நீண்டு நிற்கும். மூச்சு விடாமல் ஊதும் நாகஸ்வரம் போல. வெறும் இரைச்சல் என்று பெரியவர்கள் திட்டும் அந்தச் சத்தம்தான் கிட்டாரைப் பாட வைக்கிறது.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் செய்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பாரம்பரிய மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள். ஒலி சட்டென்று அறுந்துவிடும். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றிக்கொண்டார். கச்சேரி மேடை அதை முதலில் சந்தேகத்தோடு பார்த்தது, பிறகு கொண்டாடியது. மின்சாரம் கமகத்துக்கு எதிரி இல்லை என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது.

அடுத்து ‘பவர் கார்ட்’. ஹார்ட் ராக்கின் அடித்தளமே இதுதான். ஆதார ஸ்வரத்தையும் அதன் ஐந்தாவது ஸ்வரத்தையும் மட்டும் சேர்த்து அடிப்பது. நம் கணக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும். நடுவில் காந்தாரம் கிடையாது. காந்தாரம் இருந்தால்தான் மேற்கத்திய முறையில் அது மேஜரா மைனரா என்று முடிவாகும். அது இல்லாததால் மேலே எந்த ராகத்தின் சாயலையும் வைக்க இடம் கிடைக்கிறது.

யோசித்துப் பாருங்க. தம்புரா மீட்டும்போது பொதுவாகக் கேட்பதும் பஞ்சமமும் ஸட்ஜமும்தான். பின்னணியில் தம்புரா வைத்திருக்கும் அதே வேலையை, பத்து மடங்கு சத்தத்தில் பவர் கார்ட் செய்கிறது.

பைஜு தர்மஜனின் வாசிப்பு இந்த இரண்டு வசதிகளின் மேல்தான் நிற்கிறது. ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் சவுண்ட்’, ‘சேஸிங் தி சன்’ பாட்டுகளில் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மற்ற ராக் கிட்டாரிஸ்டுகள் ஒரு ஸ்வரத்தை அழுத்தி முடிக்கும் இடத்தில் இவர் அதை அசைத்து, சரித்து, இறக்கிவிடுவார். பாட்டின் மையமே அந்த அசைவில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாட்டில் வேறெதுவும் மிஞ்சாது என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறு பாட்டாகிவிடும். முதல் கேள்விக்கு, அதாவது எலும்பா வர்ணமா என்பதற்கு, இது ஒரு வலுவான பதில்.

எதிர்த்தரப்பின் வாதமும் கேட்கத்தக்கது. கமகம் மட்டும் ராகம் ஆகிவிடாது. ராகத்துக்கு வளர்ச்சி வேண்டும், பிடி வேண்டும், நிதானம் வேண்டும். நான்கு நிமிஷ, ஐந்து நிமிஷ ராக் பாட்டில் அதற்கு நேரம் இல்லை. வாசனை வருகிறது, சாப்பாடு வரவில்லை என்பது அவர்கள் குறை. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இந்தக் குறை நியாயமாகவே தோன்றும்.

இதில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் என்ன வேலை?

இப்போது எல்லைக்குப் போவோம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, திருவிதாங்கூரின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பக்கத்திலிருந்த நெய்யாற்றின்கரை தாலுகாவையும் தமிழர்கள் கேட்டார்கள். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு ஊர்களுக்கு நடுவே விழுந்தது. பேச்சும் பாட்டும் அந்தக் கோட்டை அவ்வளவாக மதிக்கவில்லை.

சங்கீதத்தில் இந்த இரண்டு ஊர்களின் பெயரும் சாதாரணப் பெயர்கள் அல்ல. 1924-ல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள், திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியின் தொடக்க கால மாணவிகளில் ஒருவர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் காலங்காலமாக ஆண்கள் மட்டுமே பாடிவந்தார்கள். 2006-ல் அங்கே பாடிய முதல் பெண் அவர்தான். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2021-ல் காலமானார். பத்மஸ்ரீ விருது பெற்ற நெய்யாற்றின்கரை வாசுதேவன், கேரளத்தின் பெரிய வாய்ப்பாட்டுக் கலைஞர்களில் ஒருவர். அவர் மறைந்தது 2008 மே மாதம். ‘மக்தூப்’ வந்த அதே வருஷம்.

பொன்னம்மாள், வாசுதேவன் ஆகியோரின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு காதை எடுத்துக்கொள்ளுங்கள். அதே காது, கோயில் திருவிழாவில் நாகஸ்வரமும் செண்டையும் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் கிட்டாரும் கீபோர்டும் கேட்கிறது. நெய்யாற்றின்கரை ஒரு லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடம், சி.எஸ்.ஐ. சபைகளும் இந்தப் பகுதியில் பரவலாக உண்டு. பிறகு பக்கத்திலேயே நாகர்கோவில் வானொலி. 1984-ல் தொடங்கிய அது, அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் எஃப்.எம். நிலையம். அங்கிருந்து தமிழ்ப் பாட்டு, திருவனந்தபுரத்திலிருந்து மலையாளப் பாட்டு.

இப்படி ஒரு காதுக்கு ‘மக்தூப்’ கேட்கும்போது “கலவை” என்ற எண்ணமே முதலில் வராது. கமகமும் பழக்கம், கிட்டாரும் பழக்கம், இரண்டு மொழியில் யோசிப்பதும் பழக்கம். அந்தக் காது கேட்கும் கேள்வி இன்னும் கறாராக இருக்கும்: “இந்தக் கமகம் சுத்தமா இருக்கா? இந்தத் தாளம் நிக்குதா?”

மாறாக, ராக் மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்குக் கமகம் புதுமையாகத் தெரியும். அதனாலேயே அதிகமாகப் பாராட்டிவிட வாய்ப்புண்டு. கச்சேரி மட்டுமே கேட்டவருக்கு டிரம்ஸ் உறுத்தும். அதனாலேயே குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு. ஒரே ஆல்பம், மூன்று காது, மூன்று தீர்ப்பு. எல்லையோரத்துக் காது மற்ற இரண்டையும்விட உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் “புதுசா இருக்கு” என்பதையும் “நல்லா இருக்கு” என்பதையும் அதனால் எளிதாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஆங்கில வரிகள் பிரச்சினையா?

இரண்டாவது கேள்வி. மதர்ஜேன் பாடியது ஆங்கிலத்தில். கிட்டார் நம்மூர் மண்ணைப் பேசும்போது குரல் ஏன் வேறு மொழியில் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது.

அதே 2008-ல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த அவியல் பேண்டின் ஆல்பமும் வந்தது. முழுக்க மலையாளம். நாட்டுப்புறச் சாயல், நவீன ராக் ஒலி. மொழி தெரியாதவர்களும் கேட்டார்கள். தாய்மொழியில் ராக் பாட முடியாது என்ற பழைய சாக்கு அதோடு செல்லாததாகிவிட்டது.

மறுபக்கத்து நியாயமும் இருக்கிறது. 2000-களில் கேரளத்துக்கு வெளியே, சென்னை, பெங்களூரு, மும்பை, ஷில்லாங் மேடைகளில் வாசிக்க வேண்டுமென்றால் ஆங்கிலம்தான் பொதுமொழி. பெங்களூரு அலுவலகத்தில் நீங்கள் ஹிந்திக்காரரோடும் மலையாளியோடும் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அதே காரணம். ‘மக்தூப்’ வரிகளின் தத்துவத் தேடல் சிலருக்குப் பாரமாக இருக்கலாம். ஆனால் விதியையும் பயணத்தையும் பற்றி ஒரு முழு ஆல்பத்தை ஒரே நூலில் கோத்திருக்கிறார்கள் என்பதை, பாட்டுகளை வரிசையாகக் கேட்டால்தான் உணர முடியும். ‘ஷஃபிள்’ போட்டுக் கேட்டால் நூல் அறுந்துவிடும்.

ஒலிப்பதிவு பற்றிய குறை எவ்வளவு முக்கியம்?

“லைவ்ல வேற மாதிரி இருந்துச்சு.” ராக் ரசிகர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மேடையில் ஸ்பீக்கர் நெஞ்சை அதிர வைக்கும். பக்கத்தில் ஆயிரம் பேர் குதிப்பார்கள். அதே பாட்டை பஸ்ஸில் இயர்ஃபோனில் கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். இதில் பாதிக் குறை பதிவினுடையது அல்ல, கேட்கும் இடத்தினுடையது.

மீதிப் பாதி உண்மையான விஷயம். 2008-லேயே மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ வந்தபோது, ஒலி அளவை மிதமிஞ்சி ஏற்றிவிட்டதால் சத்தம் சிதைகிறது என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்துப் போட்டுப் புகார் செய்தார்கள். ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் இருந்த அதே பாட்டுகள் தெளிவாக இருந்ததை ஒப்பிட்டு நிரூபித்தார்கள். உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களுக்கே இந்தக் கதி. கேட்பவர் “சத்தம் சரியில்ல” என்று சொல்வதோடு நிற்காமல் எங்கே, எப்படி என்று காட்டியதால்தான் அந்தப் புகார் எடுபட்டது.

தமிழ் ரசிகர்களுக்கு இதே அனுபவம் எங்கே வந்தது?

பெங்களூருவின் அகம் பேண்ட். ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர்கள் என்பதால், நம் தலைமுறைக்கு அவர்கள்மேல் தனிப் பாசம். முதல் ஆல்பம் ‘தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்’ 2012-ல் வந்தது. இரண்டாவது, ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’, 2017-ல்.

மதர்ஜேன் கர்நாடகச் சாயலைக் கிட்டாரில் வைத்தது என்றால், அகம் கிருதியையே எடுத்துப் பாடியது. தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சர’, தீக்ஷிதரின் ‘ரங்கபுர விஹார’ இரண்டும் அந்த இரண்டாவது ஆல்பத்தோடு வந்தவை. பாடியவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன்.

இங்கே கருத்துகள் பிரியும் இடம் வேறு. கிருதியின் சாகித்யம் இத்தனை சத்தத்தில் நிற்குமா, பாவம் போய்விடாதா என்பது ஒரு தரப்பு. சபா வாசலையே மிதிக்காத ஆயிரக்கணக்கானவர்களை நளினகாந்தியையும் பிருந்தாவன சாரங்காவையும் முணுமுணுக்க வைத்துவிட்டதே என்பது இன்னொரு தரப்பு. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். முதல் தரப்பு பாட்டைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது தரப்பு கேட்பவரைப் பற்றிப் பேசுகிறது. இந்த வித்தியாசம் புரியாமல் நடக்கும் சண்டைக்கு முடிவே வராது.

தைக்குடம் பிரிட்ஜையும் இதோடு சேர்க்கலாம். 2015-ல் ‘நவரசம்’, 2019-ல் இரண்டாவது ஆல்பமான ‘நமஹ்’. இரண்டாவதில் ஜோர்டன் ரூடெஸ், கத்ரி கோவன் போன்ற வெளிநாட்டுக் கலைஞர்கள் சேர்ந்தார்கள். வட்டம் பெரிதானதைக் கொண்டாடியவர்கள் ஒருபக்கம். நண்பர்கள் கூடிப் பாடும் பழைய நெருக்கத்தைத் தேடியவர்கள் இன்னொரு பக்கம்.

நம் கருத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறைய ஆகும். சினிமாப் பாட்டுக்குப் படம் இருக்கிறது, நடிகர் இருக்கிறார், போஸ்டர் இருக்கிறது. தனி ஆல்பத்துக்குக் கேட்பவர் மட்டும்தான். அவர் நாலு பேரிடம் சொன்னால் அடுத்த கச்சேரி. சொல்லாவிட்டால் அவ்வளவுதான்.

‘மக்தூப்’புக்குப் பாராட்டு குறைவில்லை. ஆனாலும் 2010-ல் பைஜு தர்மஜன் பேண்டிலிருந்து விலகினார். அடுத்த சில ஆண்டுகளில் சுராஜ் மணியும் விலகினார். பேண்ட் புதியவர்களோடு தொடர்ந்தது. ஆனால் ‘மக்தூப்’பைச் செய்த அந்த ஐந்து பேரிடமிருந்து மூன்றாவது ஆல்பம் வரவில்லை. அவியலின் கதை இன்னொரு மாதிரி. முதல் ஆல்பத்துக்குப் பிறகு ரசிகர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தும் இரண்டாவது முழு ஆல்பம் வரவில்லை. அதன் கிட்டாரிஸ்ட் ரெக்ஸ் விஜயன் மலையாள சினிமாவின் முக்கிய இசையமைப்பாளர்களில் ஒருவரானார். அவருக்கு நல்லது, சினிமாவுக்கும் நல்லது. தனி ராக் இசைக்கு அது இழப்பு.

இதற்கெல்லாம் ரசிகர்களே காரணம் என்று பழி போட முடியாது. பணம், குடும்பம், கருத்து வேறுபாடு என்று ஒரு பேண்ட் உடைய ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் நம் கையில் இருப்பது ஒன்றுதான். இரண்டாவது ஆல்பம் வந்தபோது அதை ஒழுங்காகக் கேட்டோமா, கேட்டதைத் தெளிவாகச் சொன்னோமா என்பது.

அப்போ எப்படிக் கேட்பது?

‘மக்தூப்’போ, அகமோ, நாளைக்கு வரப்போகும் வேறு பேண்டோ, இரண்டாவது ஆல்பம் கையில் கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்க.

முதல் தடவை வரிசையாக, நிறுத்தாமல் கேளுங்கள். முதல் ஆல்பத்தை அதற்கு முந்தின நாள் கேட்க வேண்டாம். ஒப்பீடு தானாக வந்து குறுக்கே நிற்கும்.

இரண்டாவது தடவை ஒரே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு போங்கள். ‘மக்தூப்’ என்றால் கிட்டார். எங்கே ஸ்வரம் அசைகிறது, எங்கே நேராக நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அரை மணி நேரம் பொன்னம்மாளையோ வாசுதேவனையோ கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது. வித்தியாசமும் தெரியும், உறவும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது தடவை. இப்போது எந்தப் பாட்டு தானாக வாயில் வருகிறது என்று பாருங்கள்.

அதன் பிறகு கருத்து சொல்லுங்கள். “சூப்பர்”, “மொக்கை” இரண்டும் அந்த பேண்டுக்கு ஒரு தகவலும் தராது. “கிட்டார் பிடிச்சிருக்கு, வரிகள் பாரமா இருக்கு, டிரம்ஸ் குரலை அமுக்குது” என்று சொன்னால் தரும். நீங்கள் எந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பாறசாலையில் கச்சேரியும் சர்ச் கிட்டாரும் கேட்டு வளர்ந்தவர் சொல்லும் “பிடிக்கல”வும், மெட்டாலிகா மட்டும் கேட்டவர் சொல்லும் “பிடிக்கல”வும் ஒன்றல்ல. மூன்றாவது ஆல்பத்துக்கு உட்காரும் பேண்டுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.